உஷார்! அந்த டப்பா கட்லாவுக்கானது இல்லை

"கோழிக்குப் போடுற அதே பவுடர்தாங்க. மீனுக்கும் போட்டுப் பாருங்க, தின்ன தீவனம் அத்தனையும் உடம்புல ஒட்டும்." தீவனக் கடையில் யாராவது இப்படிச் சொன்னால் உடனே பணத்தை நீட்டிவிடாதீர்கள். கட்லாவுக்கு இரைப்பை உண்டா என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

கிடையாது. கட்லா, ரோகு, மிருகால் மூன்றுக்குமே இரைப்பை இல்லை. விழுங்கியது நேரே குடலுக்குப் போகிறது, அமிலக் குளியல் எதுவும் இல்லாமல். இதைக் கவனிக்காததால்தான் எத்தனையோ பேருடைய காசு குளத்தில் கரைகிறது.

அந்தப் பவுடர்களில் வரும் பைட்டேஸ் என்ற நொதியையே எடுத்துக்கொள்வோம். காலங்காலமாக நாம் போடும் தவிட்டிலும் கடலைப் புண்ணாக்கிலும், இப்போது சேர்க்கும் சோயாவிலும் பாஸ்பரஸ் நிறையவே உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு பைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது. துத்தநாகத்தையும் சுண்ணாம்புச்சத்தையும்கூட அது பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் குடலிடம் இதற்குச் சாவி இல்லை. பைட்டேஸ்தான் சாவி, அதில் பொய்யில்லை. ஆனால் சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் பைட்டேஸ் வகைகள் அமிலத்தில், சுமார் 2.5 முதல் 5.5 வரையிலான பி.எச். அளவில், சுறுசுறுப்பாக வேலை செய்பவை. கோழிக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை இருக்கிறது, உடல் சூடும் 41 டிகிரி. ஜிலேபி மீனுக்கும் அமில இரைப்பை உண்டு. கட்லாவின் குடலிலோ பி.எச். 7-ஐ ஒட்டி அல்லது அதற்கும் மேலே. உடல் சூடு குளத்துத் தண்ணீரின் சூடுதான். கோழிக்குச் சொன்ன அளவை அப்படியே போட்டால் சாவி பாதிகூடத் திரும்பாது. ரோகுக் குஞ்சுகளில் நடந்த இந்திய ஆய்வுகளில், சிட்ரிக் அமிலத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது பைட்டேஸ் நன்றாக வேலை செய்தது. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

குடல் உறிஞ்சாத பாஸ்பரஸ் எங்கே போகும்? கழிவோடு தண்ணீருக்குத்தான். பாசி பொங்கும், தண்ணீர் கரும்பச்சையாகும், விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கி மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

இன்னொன்று, கொதிக்கக் கொதிக்க இருக்கும் தீவனக் கலவையில் நொதியையோ புரோபயாட்டிக் என்ற நல்ல பாக்டீரியாவையோ கலக்காதீர்கள். பெரும்பாலான நொதிகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். ஆறிய பிறகு, கொஞ்சம் எண்ணெயில் குழைத்துத் தீவனத்தின் மேல் பூசி உலர்த்துங்கள். பவுடரை அப்படியே குளத்தில் தூவினால் மீன் வாய்க்குப் போகுமுன் தண்ணீரே எடுத்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னது பண நஷ்டம். இனிச் சொல்வதுதான் எனக்கு உண்மையான பயம். 'குடல் டானிக்', 'வளர்ச்சி ஊக்கி' என்று பெயர் மட்டும் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பாக்கெட்டைத் தொடாதீர்கள். ஆன்டிபயாட்டிக் கலந்திருக்கலாம். அது குடலின் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். குளோரம்பெனிக்காலும் நைட்ரோபியூரானும் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. நைட்ரோபியூரானின் மிச்சம் வாரக்கணக்கில் சதையில் ஒட்டியிருக்கும், குழம்பு கொதித்தாலும் போகாது. அந்த மீனைத் தின்னப்போவது நம் வீட்டுப் பிள்ளைகளும்தான். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே முற்றாக நிறுத்திவிட்டது.

மழைக்காலம் வந்துவிட்டால் புண்ணாக்கு மூட்டையையும் பிரித்துப் பாருங்கள். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது, பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான்; அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அப்போதுதான் பிடிபட்டது. மீனின் கல்லீரலையும் அது அரிக்கும். வேகவைத்தாலும் அழியாது. நஞ்சைப் பிடிக்கும் களிமண் பவுடர் ஓரளவு உதவும், ஆனால் கெட்ட மூட்டையை அது நல்லதாக்காது. மூட்டைகளைச் சுவரை ஒட்டி வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள். கட்டி தட்டியதோ, பச்சையும் கறுப்புமாகப் பூத்ததோ, மக்கல் வாடை அடிப்பதோ கண்ணில் பட்டால் வெயிலில் காயவைத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், நஞ்சு பாலில் வரும். குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.