இரைப்பு நோயும் எலும்பின் வலுவும்

புதுவையிலிருந்து காலாப்பட்டு நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர், வலப்புறம் கடலைப் பார்த்தவாறே பொம்மையார்பாளையத்தைக் கடந்து செல்வர். கடற்காற்று உடலுக்கு நல்லது என்பது ஊரறிந்த சொல். ஆயினும் கடலோரச் சிற்றூர்களிலும் ஆஸ்துமா எனும் இரைப்பு நோய்க்குக் குறைவில்லை. ஐப்பசி மழை, மார்கழிப் பனி, ஈரச் சுவரில் படரும் பூஞ்சை, விறகடுப்புப் புகை ஆகியவை மூச்சுக் குழாய்களைச் சுருக்கிவிடுகின்றன. இவையெல்லாம் நம் குடும்பத்தினர் அறிந்தவையே. ஆனால் நெடுநாள் இரைப்பு நோயாளியின் எலும்பு பிறருடையதைவிட விரைவில் மெலியக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

ஐம்பத்தைந்து வயதை எட்டிய ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். மூச்சு முட்டும் இரவுகளில் மகன் கடைக்கு ஓடி, மருத்துவர் சீட்டின்றிச் சிறு வெள்ளை மாத்திரைகளை வாங்கி வருகிறான். விழுங்கினால் மறுநாள் நெஞ்சு தெளிகிறது, நன்றாகப் பசிக்கிறது, முகமும் உப்புகிறது. “உடம்பு தேறிவிட்டதே!” என்று அண்டை வீட்டார் மகிழ்கின்றனர். பல ஆண்டுகள் இப்படியே செல்கின்றன. ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகையில் முதுகில் சுரீரென்று வலி. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முள்ளெலும்பு ஒன்று நசுங்கியிருக்கிறது. வலியே இல்லாமல் நசுங்குவதும் உண்டு. உயரம் குறைந்து கூன் விழுந்த பின்னரே அது தெரியவரும்.

அம்மாத்திரை பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு மருந்து. அதனை நாம் பழிக்க வரவில்லை. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹெஞ்ச் கார்ட்டிசோன் மருந்தைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடமாடியது மருத்துவ உலகை வியக்க வைத்தது. 1950இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கடும் இரைப்பில் இன்றும் உயிர் காப்பது இவ்வகை மருந்தே. தவறு மருந்தில் இல்லை. அதைக் கேள்வி முறையின்றி விழுங்குவதில்தான் இருக்கிறது.

எலும்பு உயிருள்ள பொருள். பழையது கரையக் கரையப் புதியது படிகிறது. ஸ்டீராய்டு, புதிய எலும்பைப் படியவைக்கும் உயிரணுக்களைத் தளரச் செய்கிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்பதைக் குறைக்கிறது. சிறுநீர் வழியே அச்சத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது. தினமும் உட்கொள்வோர்க்கு முதல் சில மாதங்களிலேயே இழப்பு மிகுதி. மூன்று மாதங்களுக்கு மேல் நாள்தோறும் உண்போர் எலும்பின் அடர்த்தியைச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. “ஐந்து நாட்கள்தானே?” என்று ஆண்டுக்கு நான்கைந்து முறை உண்பதும் சிறுகச் சிறுகச் சேர்ந்து கேடு விளைவிக்கும். மாதவிடாய் நின்ற பெண்கள் இருமடங்கு விழிப்பாயிருத்தல் நலம்.

நம்மவர் விந்தையைப் பாருங்கள்! மாத்திரைக்கு அஞ்சாதவர்கள் இன்ஹேலருக்கு அஞ்சுகிறார்கள். “அதைப் பிடித்தால் விடாது, பழகிப்போகும்” என்பர். 1972இல் ஸ்டீராய்டு இன்ஹேலர் புழக்கத்துக்கு வந்ததன் நோக்கமே மருந்தை உடல் முழுதும் பரப்பாமல் மூச்சுக் குழாய்க்கு மட்டும் சேர்ப்பதுதான். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். 10 மில்லிகிராம் மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம் மருந்து இருக்க, இன்ஹேலரின் ஓர் இழுப்பில் இருப்பது பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். மருந்துகளின் வீரியம் வேறுபடினும் எலும்புக்கு எது இலேசு என்பது தெளிவு. மிகுந்த அளவில் நெடுங்காலம் இழுத்தால் இதுவும் எலும்பைச் சிறிது தொடும்; ஆகவே அளவை மருத்துவரே வகுக்க வேண்டும். இழுத்தபின் வாய் கொப்பளிக்கவும் மறவாதீர். மூச்சு முட்டும்போது மட்டும் இழுக்கும் நீல நிற இன்ஹேலரையே நம்பியிருப்பது போதாது. அது குழாயை விரிக்குமேயன்றி உள் அழற்சியைத் தணிக்காது.

உணவிலும் ஒரு வீண் அச்சம் உண்டு. பாலும் தயிரும் சளி கட்டும் என்று இரைப்பு நோயாளிக்கு அவற்றை அறவே விலக்குகிறோம். ஒவ்வாமை உடைய சிலரைத் தவிர மற்றவர்க்கு இத்தடை தேவையில்லை. வயது வந்தோர்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி நம் கரையோரத்தார்க்குக் கைக்கெட்டிய செல்வம். இரைப்புக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே முடங்கினால் வெயில் தரும் வைட்டமின் டி-யும், நடை தரும் எலும்பு வலுவும் இல்லாமற் போகும்.

நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள் இதைப் படித்த உடனே நிறுத்திவிடலாகாது. உடலின் இயற்கைச் சுரப்பு அடங்கியிருக்குமாதலால், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். பொம்மையார்பாளையத்தார்க்குக் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை தொலைவில் இல்லை. விழுப்புரம் பக்கத்தார்க்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செல்லும்போது உண்ட மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். எவரோ தந்த ‘மூலிகைப் பொடி’ இருந்தால் அப்பொட்டலத்தையும் மறைக்காமல் காட்டுங்கள். ஒரே நாளில் இரைப்பைப் போக்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது.