வளையக் கிரகணம்: கண்ணையும் கேமராவையும் காப்பது எப்படி?

2031 மே 21 அன்று நிகழவிருக்கும் வளையச் சூரிய கிரகணம், கேரளத்தின் கொச்சி, ஆலப்புழை வழியாகத் தமிழகத்துக்குள் நுழைந்து தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் பகுதிகளைக் கடந்து இலங்கையின் வடபகுதிக்குச் செல்லும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர், திருச்சி வட்டாரங்களில் வளையம் தெரிந்தபோது மணி காலை 9.30. இம்முறை அது நண்பகலை ஒட்டி, ஏறக்குறைய உச்சிக்கு மேலே தெரியும். மையக் கோட்டில் ஏறத்தாழ 5 நிமிடம் நீடிக்கும்.

முழுக் கிரகணத்தில் சூரியன் மொத்தமாக மறையும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம். வளையக் கிரகணத்தில் அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது. நிலவு பூமியிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் அதன் வட்டம் சூரியனை முழுதாக மூடாது. இந்தக் கிரகணத்தில் சுமார் 92 சதவீதம் மறைந்தாலும், எஞ்சும் வளையம் முழுநிலவைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு ஒளி வீசும்.

வெளிச்சம் குறைந்தாலும் ஆபத்து குறையாது

சூரியன் மறைய மறையச் சுற்றுப்புறம் மங்கும், கண்மணி விரியும். ஆனால், மறையாத பகுதியின் ஒவ்வொரு புள்ளியும் பழைய உக்கிரத்துடனேயே விழித்திரையில் விழும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் புண்படுவதும் தெரியாது.

பாதுகாப்பான வடிகட்டி, சூரிய ஒளியில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாணி நீரோ கரைத்து, அதில் தெரியும் சூரியனைப் பார்ப்பது பழைய வழக்கம். உச்சி வெயிலில் நீர்ப்பரப்பு நூற்றில் இரண்டு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதாவது, அத்தகைய வடிகட்டி விடும் அளவைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு. புகை படிந்த கண்ணாடி, எக்ஸ்ரே ஃபிலிம், சி.டி., கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. அவை கண் கூசுவதைக் குறைத்தாலும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை உள்ளே விட்டுவிடக்கூடும்.

எதைக் கொண்டு பார்ப்பது?

ஐ.எஸ்.ஓ. 12312-2 தரத்துக்கு உட்பட்ட கிரகணக் கண்ணாடி ஏற்றது. அதை அணிந்தால் வீட்டுக் குழல் விளக்கு தெரியக் கூடாது. கீறலோ ஊசித்துளையோ இருந்தால் எறிந்துவிட வேண்டும். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதன்மேலேயே பிடித்துக்கொள்ளலாம். அணிந்த பிறகே தலையை நிமிர்த்த வேண்டும்; தலையைத் திருப்பிய பிறகே கழற்ற வேண்டும். 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடியும் சரியே. சாதாரண வெல்டிங் பட்டறைகளில் இருப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைந்த எண்.

சூரியனைப் பார்க்காமலே கிரகணத்தைப் பார்க்கும் வழிதான் எல்லாவற்றிலும் பத்திரமானது. அட்டையில் ஓர் ஊசித்துளை போட்டு, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத்தாளைப் பிடித்தால் 9 மில்லிமீட்டர் அகலத்தில் சூரியனின் பிம்பம் விழும். மாவு சல்லடையைப் பிடித்தால் நூற்றுக்கணக்கான பிறைகள். வேப்பமர நிழலிலும், கீற்றுக் கொட்டகைத் தரையிலும் அதே பிறைகள், வளைய நேரத்தில் வளையங்கள். கூட்டமாகப் பார்க்க, முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை ஒரு சென்டிமீட்டர் துளையிட்ட காகிதத்தால் மூடி, பட்டுத் தெறிக்கும் ஒளியை 20 மீட்டர் தள்ளியுள்ள இருட்டறைச் சுவரில் விழச் செய்யலாம். பிம்பம் சுமார் 18 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கண்ணாடியை மட்டும் யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது.

படம் எடுப்போருக்கு

கேமரா, தொலைநோக்கி, பைனாகுலர் எதுவானாலும் வடிகட்டி லென்ஸுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். கண் வைக்கும் முனையில் பொருத்தினால், குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கக்கூடும். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு வடிகட்டி இல்லாத பைனாகுலரில் பார்ப்பதும் அதே அளவு ஆபத்து.

500 மில்லிமீட்டர் லென்ஸில் சூரியன் சென்சார்மேல் 4.6 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, நொடியில் 500-இல் ஒரு பங்கு என்று தொடங்கி, முன்பின்னாகச் சில படங்கள் எடுத்துப் பார்க்கலாம். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, சூரிய விளிம்பைக் கொண்டு கையால் ஃபோகஸ் செய்வது நல்லது. சூரியன் தலைக்கு மேலே இருக்கும் என்பதால், நிமிரும் முக்காலியும் மடங்கும் திரையும் கழுத்து வலியைத் தவிர்க்கும்.

செல்போனில் சூரியன் ஒரு பொட்டாகத்தான் விழும். லென்ஸ்மேல் கிரகணக் கண்ணாடியின் ஃபிலிமைப் பிடித்து, திரையில் வெளிச்சத்தைக் குறைத்து எடுக்கலாம். மரநிழல் வளையங்களை எடுக்க அதுவும் வேண்டாம், செல்போனே போதும்.

கண்ணில் பாதிப்பு தெரிந்தால்

பாதிப்பு உடனே தெரியாமல், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தெரியலாம். பார்வையின் நடுவில் கறுப்புப் புள்ளி, எழுத்துகள் கோணலாகத் தெரிவது, நிறம் மங்குவது ஆகியவை அறிகுறிகள். உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பலருக்குச் சில மாதங்களில் பார்வை ஓரளவு தேறும். சிலருக்குக் குறை நிலைத்துவிடும். இதற்கென்று உறுதியான சிகிச்சை இல்லை.