அடியில் கிடக்கும் சீனிப் படை

மட்டக்களப்பில் பனிச்சையடி இருக்கிறது. வடக்கே வாகரைப் பக்கம் போனால் பனிச்சங்கேணி. இந்தப் பெயர்களில் உள்ளது பனிச்சை மரம், உறைபனி அல்ல. வாவிக்கரையில் பனி என்றால் மார்கழி விடியலில் தோணி விளிம்பை நனைக்கும் ஈரம்தான். அது மலைபோல் குவிந்து, சரிந்து ஆளைப் புதைக்கும் என்றால் இங்கே கதை போலத்தான் இருக்கும்.

ஆனால் தமிழரும் அதில் மாண்டிருக்கிறார்கள். 2016 பெப்ரவரி 3ஆம் திகதி, இமயத்தின் சியாச்சின் பனியாற்றில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல் நிலையின்மேல் பனிக்கட்டிச் சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். மீட்புக் குழு பல நாள் வெட்டித் தோண்டியது. 25 அடிக்கும் கூடுதலான ஆழத்தில் கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடந்தார். 11ஆம் திகதி டில்லி மருத்துவமனையில் அவரும் இறந்தார்.

சோனத்தில் இடிந்தது பனிக்கட்டிச் சுவர். மலையேறிகளையும் பனிச்சறுக்குக்குப் போகிறவர்களையும் பெரும்பாலும் கொல்வது வேறு வகை. அது பார்வைக்குச் சாதுவானது.

மலையில் பனி ஒரே நாளில் பெய்து முடிவதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு படையாகப் படிகிறது. மெல்லிய பனியின்மேல் மேகமற்ற கடுங்குளிர் இரவுகள் தொடர்ந்தால், தரையோரப் பனி ஒன்றோடொன்று ஒட்டாத குறுணிகளாக மாறிவிடும். கையில் அள்ளினால் சீனி போலக் கொட்டும். பிறகு காற்று புதுப்பனியை அள்ளிவந்து அதன்மேல் இறுக்கிப் பலகையாக்குகிறது. தட்டில் சீனியைப் பரப்பி, மேலே பலகையை வைத்துச் சாய்த்துப் பாருங்கள். 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளே மிக ஆபத்தானவை. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அதிகம் தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும்.

இந்தப் பலகையை உடைப்பது பெரும்பாலும் அதன்மேல் நடப்பவரின் எடையே. சத்தம் போட்டால் பனி சரியும் என்பதெல்லாம் சினிமா. காலடியில் 'வும்' என்று ஓர் அமுங்கல் ஓசை கேட்டால் அடியிலுள்ள சீனிப் படை நொறுங்குகிறது என்று பொருள். அனுபவசாலிகள் அங்கிருந்தே திரும்பிவிடுவார்கள். சரிந்து நின்ற பனி சீமெந்துபோல் இறுகுவதால் புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. பெரும்பாலானோர் சாவது குளிரால் அல்ல, மூச்சுத் திணறி. முதல் பத்து நிமிடத்தில் தோண்டியெடுத்தால் அநேகமாகப் பிழைப்பார்கள். அரை மணி கடந்தால் மூன்றில் ஒருவர் தேறுவதே அரிது. ஹனுமந்தப்பா அத்தனை நாள் தாக்குப்பிடித்தது மருத்துவர்களையே வியக்கவைத்தது.

இலங்கையில் இதன் உடன்பிறப்பு மண்சரிவு. அதில் சீனிப் படையின் வேலையை மழைநீர் செய்கிறது: மண்ணுக்குள் இறங்கி, மண்துகள்களின் பிடியைத் தளர்த்துகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பனிமலைக்குப் போகிறவர் எச்சரிக்கையைக் கேட்டு அன்றைய பயணத்தைக் கைவிடலாம். மீரியபெத்தைக்காரருக்கு அந்தச் சரிவில்தான் வீடு, அங்கேதான் வேலையும்.