எல்லைப்புறப் பள்ளியில் தமிழாசிரியர்

அகத்தியமலைச் சாரலில் அமைந்த அம்பூரிக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நிலம் இரண்டாயிற்று, வீடுகளில் வழங்கும் மொழி அக்கோட்டுக்கு அடங்கவில்லை.

மணமாகி இப்பக்கம் குடிவந்த ஆசிரியை ஒருவர் கூறிய நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. முதல் நாள் வகுப்பில் தம் ஊர் கோவில்பட்டி என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். மலையாளத்தில் ‘பட்டி’ என்பது நாயைக் குறிக்கும் என்பதை அவர் அறியார். கலங்கிய கண்களுடன் ஆசிரியர் அறைக்குச் சென்றார். அங்கும் அவரோடு பேசுவார் இலர். மாலையில் முதிய மலையாள ஆசிரியர் ஒருவரே அருகமர்ந்து பொருளை விளக்கினார். மறுநாள் அவ்வம்மையார் கரும்பலகையில் ‘பட்டி’, ‘வெள்ளம்’ எனப் பொருள் வேறுபடும் சொற்களை ஒருபுறமும், ‘கை’, ‘கண்’ என ஒன்றுபடும் சொற்களை மறுபுறமும் எழுதினார். பிள்ளைகள் போட்டியிட்டுச் சொற்களைச் சேர்த்தனர். ஏளனம் பாடமாயிற்று.

நிற்க. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தம் மொழியில் அரசுக்கு எழுத இடமளிக்கிறது. ஆயினும் பள்ளியில் ஆசிரியர் பதவி நிலைப்பது மாணவர் தொகையால். ஜூன் மாதத்தில் ஆறாம் வேலை நாளன்று எடுக்கும் கணக்கே அதற்கு அளவுகோல். நம் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பிற்கு அனுப்பாமல், தமிழாசிரியர் இல்லையே என்று வருந்துவது முறையாகுமா?

ஆலப்புழையில் 1855-இல் பிறந்த தமிழரான சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்தார். அங்கிருந்தே 1891-இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். மலையாள மண்ணில் பணியாற்றியதால் அவர் தமிழ் தேயவில்லை.

ஆகவே, வரும் ஆசிரியர் மலையாளத்தை விரும்பிக் கற்கட்டும். பள்ளியும் முதல் ஆண்டில் அவருக்குத் துணையாக மூத்த ஆசிரியர் ஒருவரை அமர்த்தட்டும். பெற்றோராகிய நாம் ஜூன் மாதத்துக்கு முன்பே தலைமையாசிரியரைக் கண்டு, தமிழ் பயிலும் விருப்பத்தை எழுதிக் கொடுப்போம். அந்த முதிய மலையாள ஆசிரியர் ஒரு மாலைப்பொழுதை ஈந்தார். நாம் ஒரு விண்ணப்பத்தையேனும் ஈதல் கடமையன்றோ!