வெள்ளம் வடிந்த பிறகும் வேண்டும் மாணவர் படை

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரும் சேர, அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த நாட்களில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்ததிலும் சேறு அள்ளியதிலும் கல்லூரி மாணவர்களின் பங்கு பெரிது. நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) மாணவர்களும் அதில் இருந்தனர்.

ஆனால், வயலின் தேவை வேறு. தண்ணீர் வடிந்த பிறகுதான் உழவருக்கு ஆள் பலம் தேவைப்படுகிறது. அதற்குள் நிவாரணத்துக்கு வந்தவர்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் தென்னைகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. சாய்ந்த மரம் மட்கினால் காண்டாமிருக வண்டு அதில் பெருகும். பிழைத்து நிற்கும் மரத்தையும் தாக்கும். தோப்பைச் சுத்தம் செய்வது ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகிற வேலையல்ல.

திட்டத்தில் இடம் உண்டு

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24இல் தொடங்கப்பட்டது என்.எஸ்.எஸ். ஒவ்வொரு மாணவரும் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. இந்த நாட்களைப் பேரிடருக்குப் பிந்தைய வயல் வேலைக்குப் பயன்படுத்தலாம்.

என்ன வேலை தரலாம்?

* வடிகால்: வாய்க்காலில் அடைத்திருக்கும் ஆகாயத்தாமரை, குப்பையை அகற்றுதல். வெட்ட வேண்டிய இடத்தை உள்ளூர் உழவரே காட்ட வேண்டும்.
* பயிர் மீட்பு: நீர் வடிந்ததும், மஞ்சளித்த நெற்பயிருக்கு ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து இட வேண்டும். ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் கலந்து தர மாணவர்கள் உதவலாம்.
* பதிவு: பயிர்க் காப்பீட்டில், அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் 14 நாட்களுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ சேதமானால், 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். புல எண்ணோடு படம் எடுத்துப் பதிவு செய்ய, செல்பேசி பழக்கமில்லாத முதியவர்களுக்கு மாணவர் துணை பேருதவி.

கவனம்

அறுந்த மின்கம்பி அருகே மாணவர்களை அனுப்பக் கூடாது. மரம் அறுக்கும் இயந்திரத்தைப் பழகியவர் மட்டுமே இயக்க வேண்டும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் காயம் உள்ளவர் இறங்க வேண்டாம். மற்றவர்களுக்கு முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கையுறையும் அவசியம். வேலைக்குப் பின் காய்ச்சல் வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.

இப்போதே பேசுங்கள்

புயல் அடித்த பிறகு கல்லூரியைத் தேடினால் நாட்கள் வீணாகும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஊராட்சித் தலைவரும் உதவி வேளாண்மை அலுவலரும் அருகிலுள்ள கல்லூரியின் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரைச் சந்திக்கலாம். தாழ்வான வயல்கள், அடைபடும் வாய்க்கால்கள், உதவி தேவைப்படும் முதிய உழவர்கள் என மூன்று பட்டியல்களை அவரிடம் கொடுத்து வையுங்கள். எந்த வயலுக்கு முதலில் போக வேண்டும் என்பது தெரிந்தால், வந்த அன்றே மாணவர்கள் வேலையைத் தொடங்கிவிடலாம்.