டாஷ்போர்டு ஏன் பொருந்துவதில்லை?

திருநீர்மலைக்குத் தெற்கே, தாம்பரத்தைத் தாண்டிச் சென்றால் பெருங்களத்தூரும் வண்டலூரும் வரும். அந்தப் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1961ஆம் ஆண்டு முதல் அங்கே ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ கார்கள் உருவாயின. 1980களின் இறுதியில் கார் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும், பழைய ஹெரால்டுகளைப் பேணிக் காப்பவர்கள் இன்றும் உள்ளனர்.

பழைய கார் ஒன்றில் ஏறி அமரும் வாய்ப்புக் கிடைத்தால், வேகமானி பொருத்தப்பட்டுள்ள டாஷ்போர்டைக் கவனியுங்கள். ஒரு மூலையில் இடைவெளி தெரியும். மற்றொரு மூலை தூக்கிக்கொண்டிருக்கும். வண்டி ஓடினால் கடகடவென்று ஓசை கேட்கும். “ஓரத்தை அரத்தால் ராவிவிட்டால் சரியாகிவிடும்” என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள்! ராவிய பலகை மீண்டும் வளராது. புதிது செய்து தரத் தொழிற்சாலையும் இல்லை. ஆகவே முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

வெப்பம் செய்யும் வேலை

வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறக்கூடும். காலையில் அது 30 டிகிரியில் இருந்ததாகக் கொள்வோம். வெப்பநிலை உயர்வு 40 டிகிரி. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டம் இதனால் சுமார் 0.5 மில்லிமீட்டர் நீளும். ஆனால், அதே நீளமுள்ள ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பலகை சுமார் 3.2 மில்லிமீட்டர் நீளும்! வேறுபாடு ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர்.

“இவ்வளவுதானா?” என்று எண்ணாதீர்கள். பலகையின் இரு முனைகளையும் அசையாதபடி முடுக்கிவிட்டால் அது நடுவில் புடைத்தாக வேண்டும். பலகை நடுவில் மடிந்து முக்கோணம் போல் நிற்பதாகக் கொண்டு பித்தாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்துங்கள். கர்ணம் 501.35 மில்லிமீட்டர், அடிப்பக்கம் 500 மில்லிமீட்டர். உயரம் சுமார் 37 மில்லிமீட்டர் வரும்! உண்மையில் திருகாணித் துளைகளில் சிறிது இடம் இருப்பதால் புடைப்பு இவ்வளவு இராது. இடமே இல்லாவிட்டால் துளையைச் சுற்றி விரிசல் விழும்.

ஈரம் செய்யும் வேலை

மரப் பலகைக்கு எதிரி ஈரம். முன்பக்கம் வார்னிஷ் பூசப்பட்டு, பின்பக்கம் வெறுமனே விடப்பட்டிருந்தால், ஐப்பசி மழைக்காலத்தில் பின்பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சி விரியும். பலகையின் ஓரங்கள் உங்களை நோக்கி வளையும்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். தடித்த காகித அட்டை ஒன்றின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் துடையுங்கள். ஈரமான பக்கம் வெளியே புடைக்க, அட்டை வளைவதைக் காண்பீர்கள்.

குற்றவாளி பலகைதானா?

சில வேளை பலகை மீது குற்றமே இராது. ஹெரால்டின் உடற்பகுதி தனித்தனித் துண்டுகளாகச் செய்யப்பட்டு, போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. அது தனியான சேஸிஸ் சட்டத்தின் மீது அமர்ந்துள்ளது. இடையிலுள்ள தாங்கு பட்டைகள் நைந்து போனால் உடற்பகுதி ஒருபுறம் தாழும். கதவிடுக்கும் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தெரிந்தால், கோளாறு கீழே உள்ளது என்று அறியலாம்.

சரிசெய்யும் முறை

முதலில் மின்கலத்தின் இணைப்பை நீக்க வேண்டும்; டாஷ்போர்டின் பின்னே மின்கம்பிகள் உள்ளன. அடுத்து உடற்பகுதியின் சாய்வையும், வளைந்த தாங்கிகளையும் நேராக்க வேண்டும். மரப் பலகையானால் நன்கு உலர்த்திப் பின்பக்கத்திற்கும் வார்னிஷ் பூச வேண்டும். பிளாஸ்டிக் பலகையின் நடுத்துளையை மட்டும் அளவாக வைத்து, ஓரத் துளைகளைப் பக்கவாட்டில் சற்று நீள்வட்டமாக்கி, அகன்ற வாஷர் இடலாம். எல்லாத் திருகாணிகளையும் முதலில் தளர்வாக மாட்டிவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி முடுக்க வேண்டும். ஓரத் திருகாணிகளை மிகையாக இறுக்கக் கூடாது. பலகையும் தகடும் உரசுமிடத்தில் கம்பளித் துணிப் பட்டை ஒட்டினால் ஓசை அடங்கும்.

இத்தனைக்கும் பிறகு இடைவெளி எஞ்சினால் மட்டுமே அரத்தைக் கையிலெடுக்கலாம். ரயில் பாலங்களில் விரிவுக்கு இடம் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே விதிதான் இங்கும். அசைய இடம் தந்தால் பொருள் அடங்கியிருக்கும். இடம் தராவிட்டால் தானே இடம் தேடிக்கொள்ளும்!