கங்காவுக்குள் இருந்தது பேயா, நோயா? - ‘மணிச்சித்திரத்தாழ்’ முதல் ‘சந்திரமுகி 2’ வரை என்ன மாறியது?

‘சந்திரமுகி’யை டிவியில் எத்தனை முறை போட்டாலும் சேனலை மாற்றாமல் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால், அதன் மூலமான ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. 1993-ல் ஃபாசில் இயக்கிய இந்த மலையாளப் படம், கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004), தமிழில் ‘சந்திரமுகி’ (2005), இந்தியில் ‘பூல் புலையா’ (2007) என ஊர் ஊராகப் போனது. வங்காளத்திலும் ஒரு ரீமேக் உண்டு. கதை ஒன்றுதான். அப்படியானால் மாறியது என்ன? (ஸ்பாய்லர் அலர்ட்: க்ளைமாக்ஸ் வரை பேசப் போகிறோம்.)

பேய் பேசும் மொழி

மூலப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூர் நாட்டியக்காரி. மலையாளம் பேசும் கங்கா திடீரென தமிழில் சீறுவதுதான் கேரள ரசிகர்களை உறைய வைத்தது. அதே காட்சியைத் தமிழில் அப்படியே எடுத்தால் என்ன ஆகும்? தமிழ்ப் பெண் தமிழ் பேசுவதில் பயப்பட ஒன்றுமில்லையே! அதனால்தான் சந்திரமுகி ஆந்திராவிலிருந்து வந்தாள், ‘ரா ரா’ என்று தெலுங்கில் பாடினாள். ‘ஆப்தமித்ரா’விலும் தெலுங்குதான். இந்தியில் மஞ்சுளிகா வங்காளத்துக்காரி. கூடவே வாழும் மனைவி நமக்குப் பழக்கமில்லாத குரலில் பேசுகிறாள் என்பதுதான் இந்தக் கதையின் திகில். ரீமேக் இயக்குநர்கள் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

யாருடைய படம்?

‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் டாக்டர் சன்னியாக வரும் மோகன்லால், படம் ரொம்ப தூரம் ஓடிய பிறகுதான் என்ட்ரி கொடுக்கிறார். அதுவரை பூட்டிய அறை, கொலுசுச் சத்தம், ‘யார் மேல சந்தேகம்?’ என்ற குழப்பம்தான். அதனால் படத்தின் மையம் ஷோபனாவிடமே இருந்தது. சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தது.

பி.வாசுவின் ‘சந்திரமுகி’ முதல் ரீலிலேயே ரஜினியைச் சண்டையோடு இறக்கிவிடுகிறது. கொடூரமான வேட்டையனும் அவரே. ‘லக லக லக’ இல்லாமல் இப்போது அந்தப் படத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால், அதற்கு ஒரு விலை உண்டு. கங்கா ஏன் இப்படி ஆனாள் என்று நின்று யோசிக்கும் நேரம் குறைந்துவிட்டது. மூலப் படம் பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த அவளுடைய தனிமைக்குள் பொறுமையாகப் போகும். அதையும் தாண்டி ஜோதிகா கண்களாலேயே ஜெயித்தார் என்பது வேறு விஷயம். படம் சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது.

‘பூல் புலையா’ இயக்குநர் ப்ரியதர்ஷன், மூலப் படத்தில் இரண்டாவது யூனிட் இயக்குநர்களில் ஒருவர். அதனாலேயோ என்னவோ, பல காட்சிகள் மூலத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும்.

டாக்டருக்கு வேலை போன கதை

இந்த நான்கு படங்களுக்கும் பொதுவான ஒரு துணிச்சல் இருந்தது. ‘இது பேய் இல்லை, இவளுக்குத் தேவை சிகிச்சை’ என்று முக்கியமான கட்டத்தில் சொன்னார்கள். மந்திரவாதி வருவார், ஆனால் டாக்டரின் திட்டத்துக்கு உதவியாக மட்டும். படங்களில் காட்டும் சிகிச்சை சினிமாத்தனமானதுதான். நிஜத்தில் யாரும் அப்படிக் குணமாவதில்லை. அன்று ‘மல்டிபிள் பெர்சனாலிட்டி’ என்று அழைக்கப்பட்ட பிரச்சினையை, 1994 முதல் ‘டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்’ என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். இருந்தாலும், கங்காவை யாரும் வீட்டை விட்டுத் துரத்தவில்லை, சங்கிலியில் கட்டவில்லை. கணவர் கடைசிவரை கூடவே நின்றார். கோயில் கோயிலாக அலையும் குடும்பங்கள் பார்த்த ஒரு கமர்ஷியல் படத்தில் இது பெரிய விஷயம்.

அடுத்த பாகங்களில்தான் கதை தலைகீழானது. ‘பூல் புலையா 2’ (2022), ‘சந்திரமுகி 2’ (2023) இரண்டிலும் வருவது நிஜப் பேய். பேய் நிஜம் என்று ஆன பிறகு டாக்டருக்கு அங்கே என்ன வேலை? முதல் படம் கஷ்டப்பட்டு உடைத்த நம்பிக்கையை, அதே பெயரை வைத்துக்கொண்டே திரும்ப ஒட்டிவிட்டார்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

‘மணிச்சித்திரத்தாழ்’ 2024-ல் 4கே தரத்தில் மீண்டும் தியேட்டருக்கு வந்தது. 31 வருடங்கள் கழித்தும் கூட்டம் வந்தது. ‘சந்திரமுகி’ மனப்பாடம் என்பவர்கள், ஒரு வார இறுதியில் மூலத்தைப் பார்க்கலாம். கடைக்குக் கிளம்பும் கங்காவைக் கணவர் தடுக்கும் காட்சி இரண்டிலும் உண்டு. அதை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வசனம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் பயம் வேறு.